நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில்

கன்ட்ரோலக்காவின் இடது காது போலீசுக்கு, வலது காது வேன் டிரைவர்களுக்கு. காலை ஆறரையிலிருந்து மாலை ஐந்து வரை இந்தப் பங்கீடு மாறாது. அவள் கணவர் லேத்துப் பட்டறையில் முப்பது வருஷம் இரும்பு கடைந்து காது மந்தமானவர். "நம்ம வீட்ல மொத்தம் நாலு காது, அதுல ஒண்ணுகூட எனக்கு உதவாது" என்று சொல்லிச் சிரிப்பார். அவள் பாதி நேரம் அதையும் கேட்டிருக்க மாட்டாள்.

அவள் வேலை பார்ப்பது பள்ளிக்கூட வேன் கம்பெனியில். எந்த வண்டி எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்வதால் டிரைவர்கள் வைத்த பெயர்தான் கன்ட்ரோலக்கா. பதினோரு வேன், நாலு பள்ளிக்கூடம். ஷெட்டின் கோடியில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, சுவரில் பெரிய கடிகாரம், மேஜை முழுக்க விரித்துப் போட்ட சார்ட், இரண்டு போன், ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு ரிசீவர் பெட்டி. டைப் அடிக்கத்தான் அவளைச் சேர்த்தார்கள். சேர்ந்த வருஷமே ஊருக்குள் கல்வீச்சு நடந்த ஒரு நாளில் இரண்டு வேன்கள் நடுவில் மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் சீட்டுக்கு அடியில் படுத்துத் தப்பித்தார்கள். அடுத்த வாரமே முதலாளி அந்தப் பெட்டியை வாங்கி வந்து அவள் மேஜையில் வைத்து, "போலீஸ் பேசுறதக் கேட்டுக்கிட்டே இரும்மா, எங்க பிரச்சனையோ அங்க நம்ம வண்டி போகக் கூடாது" என்றார். அன்றைக்கு மாட்டிய இயர்போன்தான்.

அப்போது போலீஸ் பேச்சு திறந்த வெளியில்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ரிசீவர் இருந்தால் யாரும் கேட்கலாம். பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்டார்கள், ரிட்டயர் ஆகி வேறு வேலை இல்லாதவர்களும் கேட்டார்கள். யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. மக்கள் வரிப்பணத்தில் மக்கள் தெருவைப் பற்றிப் பேசுவதை மக்கள் கேட்பதில் என்ன குற்றம் இருக்க முடியும்?

போலீஸ் கன்ட்ரோல் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் ஆபரேட்டர் ஓர் எண் சொல்வார். ஷிஃப்டு தொடங்கும்போது ஒன்று, பிறகு இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருக்கும். கன்ட்ரோலக்கா வருகிற எண்ணையெல்லாம், எண்ணை மட்டும், சார்ட் ஓரத்தில் வரிசையாக எழுதுவாள். ஏழாம் நம்பர் வேனைச் சுற்றி அனுப்பினால், ஏழாம் வரிசையிலும் நேரத்துக்குக் கீழே "23" என்று பென்சிலால் ஒரு கிறுக்கல். "எதுக்குக்கா என்னச் சுத்த விட்டீங்க, டீசல் என்ன உங்க மாமனார் வீட்டு டீசலா" என்று எந்த டிரைவராவது குதித்தால், "இருபத்துமூணுல சொன்னான், போய் அவனக் கேளு" என்பாள். வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தால் அதற்குள் அடுத்த வேன் போய் மாட்டிக்கொள்ளும். எண் எழுத ஒரு விநாடி போதும்.

ஆபரேட்டர்கள் யாரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம். ஒருவர் சாப்பிட்டு முடித்த கையோடு பேசுவார், தெரியும். மதிய ஷிஃப்டில் ஓர் அம்மாள் இருந்தார். மோசமான சேதி சொல்வதற்கு முன் லேசாகத் தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமல் கேட்டால் போதும், கன்ட்ரோலக்காவின் வலது கை போனுக்குப் போய்விடும். பத்தொன்பது வருஷத்தில் பதினோரு வேன்களில் ஒன்றுகூட மோசமான இடத்தில் மாட்டவில்லை என்றால், பாதிப் பெருமை அந்தத் தொண்டைக்குச் சேரும்.

பிறகு ஒரு நாள் பேப்பரில் அறிவிப்பு வந்தது. பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு காவல்துறை வானொலித் தொடர்பு குறியாக்கம் செய்யப்படுகிறது, வரும் ஒன்றாம் தேதி முதல் வெளியார் கேட்க இயலாது. திருடர்கள் கேட்டுவிட்டுத் தப்பிக்கிறார்களாம். கன்ட்ரோலக்காவுக்கு எரிச்சலாக வந்தது. திருடன் நாலு பேர் கேட்கிறான் என்று ஊர் முழுக்கக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்றால், ஊரில் வேறு யாருமே இல்லை என்று நினைத்துவிட்டார்களா?

இன்னொரு காரணமும் போட்டிருந்தார்கள். புகார் கொடுப்பவர்களின் பெயரும் முகவரியும் காற்றில் போகிறதாம். அதில் நியாயம் இருந்தது. புருஷனிடம் அடிவாங்கிய ஒரு பெண்ணின் வீட்டு எண்ணை ஆபரேட்டர் இரண்டு தடவை திருப்பிச் சொன்னபோது அவளே கூசிப்போய் ஒலியைக் குறைத்திருக்கிறாள். அதை மட்டும் பூட்டியிருந்தால் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பாள். வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போடுகிறேன் என்று தெருவையே பூட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

முதலாளியின் கடிதத்தை எடுத்துக்கொண்டு போலீஸ் தலைமை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே தகவல் அதிகாரி என்று ஒருவர், சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது, முகத்தில் சிரிப்புக்குக் குறைவு கிடையாது.

"உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் மேடம் பொது அலைவரிசைன்னு ஒண்ணு விடுறோம். எல்லாம் அதுல வரும். அரை மணி நேரம் தள்ளி வரும், அவ்வளவுதான்."

"அரை மணி நேரத்துல எங்க வேன் எல்லாப் பிள்ளையையும் வீட்ல விட்டுட்டு ஷெட்டுக்கே திரும்பிரும் சார். அதுக்கப்புறம் ரோடு அடைப்புன்னு கேட்டு நான் என்ன பண்ண?"

"அவசரம்னா நாங்களே உங்களக் கூப்பிட மாட்டமா? நம்பர் குடுத்துட்டுப் போங்க."

கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிப் பேனா ஸ்டாண்டுக்கு அடியில் செருகினார். அந்தத் தாள் அங்கேயே இருந்திருக்கும். ஏனென்றால் அந்த எண்ணுக்குக் கடைசிவரை ஒரு போன்கூட வரவில்லை.

பொது அலைவரிசையை மூன்று மாதம் கேட்டாள். பெயர், முகவரி வரும் இடத்தில் ஒரு பீப். மற்றபடி தகவல் அப்படியே வரும், எண்ணும் வரிசையாக வரும், ஒரு நாளும் தாண்டியதில்லை. எல்லாம் அரை மணிக்கு முந்தைய செய்தி. பிரயோஜனம் இல்லாவிட்டாலும் கை பழக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தது.

இங்கே ஆமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலாம் நம்பர் வேன் டிரைவர். பிள்ளைகள் வைத்த பெயர் அது. சைக்கிள்காரர்கள் அவரை முந்திப் போவார்கள், பின் சீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு "அங்கிள், நடந்து போறவரும் நம்மள முந்திட்டாரு" என்று கத்துவார்கள். "அவருக்கு அவசரம், நமக்கென்ன" என்பார். கடைசி சீட்டில் ஒரு சின்னப் பாப்பா, மூச்சிரைப்பு உண்டு. மேடு பள்ளத்தில் குலுங்கினால் அவளுக்கு இருமல் வரும் என்று இன்னும் மெதுவாக ஓட்டுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று இருபதுக்கு ஆமை போன் பண்ணினார்.

"அக்கா, பாலத்துக்கிட்ட போலீஸ் நிக்குது. பாலம் வேணாம், கால்வாய் ரோட்டுல போன்னு கை காட்டுறாரு. போகட்டுமா?"

இடது காதில் இரண்டு ஐம்பதின் ஊர்க்கதை ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டாராம். கன்ட்ரோலக்கா சார்ட்டைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

"போலீஸே சொன்னா போ" என்றாள்.

மூன்று முப்பத்தொன்றுக்கு மறுபடி போன். இந்தத் தடவை குரலே வேறாக இருந்தது. "கண்ணு எரியுதுக்கா. ஏதோ நெடி. முன்னாடி வண்டி நகரல, பின்னாடியும் அடைச்சிருச்சு." பிள்ளைகள் இருமுவது போனில் கேட்டது. ஜன்னலை ஏற்றச் சொன்னாள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கைக்குட்டையை நனைத்து மூக்கில் வைக்கச் சொன்னாள், அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் ஆமையே முடிவெடுத்தார். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்ற எட்டுப் பிள்ளைகளையும் ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் சொல்லி, கால்வாய்க் கரையோடு ஒரு கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போனார். வாழ்க்கையில் அவர் வேகமாகப் போனது அன்றைக்கு மட்டும்தான்.

அவள் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணி, பெற்றோருக்கெல்லாம் போன் பண்ணி, நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தபோது மணி மூன்று நாற்பத்தேழு. இடது காதில் ஒரு செருமல்.

"நாற்பது. பாலத்தடியில் அமில டேங்கர் கவிழ்ந்துள்ளது. புகை பரவுகிறது. தீயணைப்பு அனுப்பவும்."

அப்படி நிதானமாக, பொறுமையாக, எல்லாம் நடந்து முடிந்த பிறகு அவளுக்கு அறிவிக்கிறார்கள். அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே செருமல் கேட்டிருந்தால் ஆமையின் வேன் பாலத்துப் பக்கமே போயிருக்காது. இயர்போனைப் பிடுங்கி எறியத்தான் கை போனது. பழக்கதோஷம், பென்சிலை எடுத்து எழுதினாள். நாற்பது. அடுத்து நாற்பத்தொன்று வரட்டும் என்று காத்திருந்தாள். ஒன்பது நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அதே குரல்: "நாற்பத்தைந்து. கால்வாய் ரோடு மூடப்படுகிறது. எந்த வாகனத்தையும் விட வேண்டாம்."

பென்சில் அப்படியே நின்றது.

பாப்பா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்துக்கொண்டாள். நாலாம் நாள் ஆமைக்கு நோட்டீஸ் வந்தது. மூடப்பட்ட கால்வாய் ரோட்டில், காவலர் வைத்த தடுப்பை மீறி, அதிவேகமாக வேனை ஓட்டிச் சென்று குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து விளைவித்தாராம். விசாரணை முடியும்வரை லைசென்ஸ் முடக்கம். அதிவேகமாம், ஆமையாம். எழுதியவனுக்குச் சிரிப்பு வந்திருக்காதா?

வண்டி ஓட்டக் கூடாது என்பதால் ஆமை ஷெட்டுக்கு வந்து மற்றவர்களின் வேன்களைக் கழுவினார். "ஓட்டத்தான கூடாது, கழுவலாம்ல" என்றார். பாப்பாவின் அப்பா ஒரு நாள் ஷெட்டுக்கே வந்தார். சத்தம் போடவில்லை. "உங்கள நம்பித்தானே அனுப்பினோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆமை வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். கன்ட்ரோலக்கா கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போ" என்று சொன்னது அவள். கை காட்டியது போலீஸ். பழி மட்டும் இந்த மனுஷன் தலையில்.

"விசாரணைல நான் பேசுறேன்" என்றாள் அன்று வீட்டில். கணவர், "என்ன பேசுவ, உன் சார்ட்ட யார் மதிப்பா?" என்றார். அவளும் வெறும் சார்ட்டை நம்பிப் போவதாக இல்லை. அதே எண்கள் போலீஸ் பதிவிலும் இருக்கும் அல்லவா?

விசாரணை, போக்குவரத்து அலுவலகத்தின் இரண்டாம் மாடியில். விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அன்று பாலத்தில் நின்ற காவலர், "நான் தடுப்பு வெச்சிருந்தேன், நிக்காமப் போயிட்டார்" என்று ஒப்பித்துவிட்டுத் தரையைப் பார்த்தார். சுருக்கமில்லாத சட்டை அதிகாரி லேப்டாப்பில் பதிவைப் போட்டுக் காட்டினார். செருமல், நாற்பது. நீண்ட மௌனம். நாற்பத்தைந்து.

"இது முழுப் பதிவா?" என்றார் விசாரணை அதிகாரி.

"முழுசும் மேடம். ஒரு செகண்ட் வெட்டல."

"நடுவுல ஒன்பது நிமிஷம் யாருமே பேசலையா?"

"எல்லாரும் ஸ்பாட்ல வேலையா இருந்தாங்க மேடம். கால்வாய் ரோட்டுல போகச் சொல்லி யாருக்கும் எந்த உத்தரவும் போகல. பதிவுல இருந்தாத்தானே."

கன்ட்ரோலக்கா எழுந்தாள். "மேடம், நாப்பதுக்கு அப்புறம் நாப்பத்தஞ்சு வருது. நடுவுல நாலு எங்க?"

தகவல் அதிகாரி சிரித்தார். "அது ஆபரேட்டர்ஸ் வாய்க்கு வந்தபடி சொல்ற நம்பர் மேடம். அதுக்கெல்லாம் அர்த்தம் கிடையாது."

"பத்தொன்பது வருஷம் நான் எழுதியிருக்கேன் சார். ஒரு நம்பர் தாண்டினதில்ல." கொண்டுவந்திருந்த சார்ட்டுகளை மேஜையில் விரித்தாள். மூன்று மாதத்துச் சார்ட். நாள் நாளாக, எண் எண்ணாக. விசாரணை அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து ஓட்டிக்கொண்டே வந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமையில் விரல் நின்றது.

"அன்னைக்கு டியூட்டில இருந்த ஆபரேட்டர் வந்திருக்காங்களா?"

கடைசி வரிசையில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள் எழுந்தார். மெல்லத் தொண்டையைச் செருமினார். கன்ட்ரோலக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாகக் காதுக்குள் குடியிருந்தவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"நம்பர வாய்க்கு வந்தபடி சொல்றீங்களா?"

"இல்ல மேடம். ஒரு நம்பர் விட்டாலும் எங்களுக்கு மெமோ. நாங்க யாரும் விடமாட்டோம்."

"அப்ப அந்த நாலு தகவல்ல என்ன இருந்துச்சு?"

அம்மாள் வாயைத் திறப்பதற்குள் தகவல் அதிகாரி எழுந்துவிட்டார். "மேடம், அது குறியாக்கம் செய்யப்பட்ட தகவல். வெளியில சொல்ல அனுமதி இல்ல."

"இப்பத்தான ஒண்ணுமே பேசலன்னீங்க?" என்றார் விசாரணை அதிகாரி.

அறையில் யாரோ சிரித்தார்கள். தகவல் அதிகாரியின் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு இல்லை. அப்போதும் அந்த நாலு தகவலையும் அவர் சொல்லவில்லை. சொல்ல வைக்க விசாரணை அதிகாரிக்கும் அதிகாரம் இல்லையாம். பூட்டும் அவர்களிடம், சாவியும் அவர்களிடம், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதும் அவர்கள்தான். நல்ல ஏற்பாடு.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. போதிய ஆதாரம் இல்லாததால் ஓட்டுநர் மீதான நடவடிக்கை கைவிடப்படுகிறது. மறைத்த நாலு தகவலைப் பற்றி ஒரு வரி இல்லை. ஷெட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். ஆமை கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"நான் தப்பு பண்ணலன்னு எழுதலையேக்கா. பண்ணதுக்கு ஆதாரம் இல்லன்னுதான எழுதியிருக்காங்க."

அதை எடுத்துக்கொண்டு பாப்பா வீட்டுக்குப் போனார். அவள் அப்பா படித்துவிட்டு, மடித்து, திருப்பிக் கொடுத்தார். பாப்பா இப்போது அப்பாவின் பைக்கில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். கடைசி சீட் காலியாக இருக்கிறது. மற்ற பிள்ளைகள் எவ்வளவு அடித்துப்பிடித்தாலும் ஆமை அதில் யாரையும் உட்கார விடுவதில்லை.

போலீசும் பாடம் கற்றுக்கொண்டது. என்ன பாடம் என்றால், அடுத்த வாரத்திலிருந்து பொது அலைவரிசையில் எண்கள் வரவில்லை. தகவல் மட்டும் வரும், எத்தனை போயிற்று என்று யாருக்கும் தெரியாது. செருமும் குரலும் வரவில்லை. அந்த அம்மாளைப் பழைய பதிவேடுகள் இருக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஓர் ஆம்புலன்ஸ்காரர் சொன்னார். உண்மையைச் சொன்னதற்கு அந்த அம்மாளுக்குக் கிடைத்த மரியாதை அது.

ஒரு மாதம் போயிருக்கும். மதியம் மூன்றேகாலுக்கு ஆமையின் போன்.

"அக்கா, கடைவீதி முக்குல போலீஸ் நிக்குது. பக்கத்துச் சந்துல போன்னு கை காட்டுறாரு. போகட்டுமா?"

இடது காதில் இரண்டே முக்காலின் சேதி ஓடிக்கொண்டிருந்தது. அவள் இயர்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"தெரியலப்பா" என்றாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "வண்டிய ஓரங்கட்டு. யாரையும் இறக்காத. நான் வர்றேன்."

அடுத்த அறையிலிருந்த முதலாளியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து, போனைக் கையில் திணித்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்தாள். ஏழு நிமிஷத்தில் கடைவீதி முக்கு. நாலாம் நம்பர் வேன் விளக்குகள் விட்டுவிட்டு எரிய ஓரமாக நின்றது. பின்னால் வரிசையாக ஹாரன். ஆமை இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். காவலர் வேர்த்து விறுவிறுத்துப்போய் இருந்தார். சின்ன வயது, இவர் பாலத்தில் நின்றவர் இல்லை.

"யாரும்மா நீங்க? போகச் சொன்னா போகாம நிக்கிறாரு. ஊரே நிக்குது."

"அவரப் போகச் சொல்ற ஆளு நான்தான். அந்தச் சந்துக்குள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. போலீஸ் சொன்னா நம்ப மாட்டீங்களா?"

"போன தடவை நம்பினேன் தம்பி. ஒன்பது பிள்ளைங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். "கேட்கத்தான் விடமாட்டேங்கிறீங்க. நான் உள்ள போய் என் கண்ணால பார்த்துட்டு வர்றேன். அதுவரைக்கும் இந்த வண்டி நகராது."